வன்னி மண் உறையுமா?

வன்னி மக்கள் அறிந்த பனி, மார்கழி தை மாதங்களிலே புல் நுனியில் நின்று, ஞாயிறு எழுந்ததும் மறைந்துவிடும் பனியே ஆகும். நீர் உறைவதைக் குளிர்சாதனப் பெட்டியில் கண்டிருக்கின்றோமேயன்றி, நிலம் உறைந்ததை இந்நாட்டில் எவரும் கண்டதில்லை. ஆயினும், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மீனை உறையவைக்கும் பெரிய குளிர்க் களஞ்சியம் ஒன்றைக் கட்டி, அதன் அடித்தளத்தைக் கவனியாது விடுவோமாயின், சில ஆண்டுகளில் அதன் கீழுள்ள மண் சைபீரியாவின் மண்ணைப் போல் உறைந்து, மேலே கிடக்கும் கொங்கிறீற்றுத் தரையையே உயர்த்திப் பிளந்துவிடக் கூடும். கேட்பதற்கு விந்தையாயிருப்பினும், பொறியியலாளர் நன்கறிந்த உண்மை இது.

இத்தகைய களஞ்சியம் வன்னிக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். முல்லைத்தீவுக் கரையில் பிடிபடும் மீனும், நந்திக்கடல், கொக்கிளாய் முதலிய களப்புகளின் இறாலும் ஐஸ் இட்ட றெஜிபோம் பெட்டிகளில் லொறியேறித் தெற்கே செல்கின்றன. ஐஸ் கரையுமுன் விற்றாக வேண்டும். பிடி மிகுந்த நாளில் விலை விழுந்துவிடும். வைத்திருந்து விற்க வழியில்லாதவன் வாங்குவோன் சொன்ன விலைக்கே கொடுக்கின்றான். 2025 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆம் திகதி, தம்புள்ளையில் இந்திய உதவியுடன் அமைந்த 5,000 தொன் கொள்ளளவுள்ள வெப்பநிலை கட்டுப்படுத்திய விவசாயக் களஞ்சியம் திறந்துவைக்கப்பட்டது. அத்தகையதொன்று தமக்கும் வேண்டுமென வன்னியார் எண்ணுவது இயல்பே.

ஆனால் மரக்கறிக்கு வேண்டிய குளிர் வேறு. மீனுக்கு வேண்டிய குளிர் வேறு. மரக்கறி உறைந்தால் கெட்டுவிடும். வாழைப்பழமோ 13 பாகைக்குக் கீழே சென்றாலே தோல் கறுத்துவிடும். மீனை மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கோ, பூச்சியத்துக்குக் கீழே 18 செல்சியஸ் பாகை, அல்லது அதனினும் தாழ்ந்த குளிர் வேண்டும். மண் உறையும் ஆபத்து இந்த மீன் அறைக்கே உரியது.

வெப்பம், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் குளத்து நீரைப் போன்றது. வன்னியில் சில அடி ஆழத்து மண் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 28 பாகை வெப்பத்தில் இருக்கும். அதன்மேல் அமர்ந்திருக்கும் அறையோ பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் இருக்கின்றது. இடையே 48 பாகை வித்தியாசம்! தரையின் கீழ் எவ்வளவு தடித்த வெப்பக்காப்புப் பலகையை இட்டாலும், அது வெப்பத்தின் ஓட்டத்தைத் தாமதப்படுத்துமேயன்றி அடியோடு நிறுத்தாது. இரவும் பகலும் நிலத்தின் வெப்பம் மேலே செல்ல, மண் மெல்ல மெல்லக் குளிர்கின்றது. ஈராண்டோ மூவாண்டோ கழிய, காப்புப் பலகையின் கீழேயே நீர் உறையத் தொடங்கிவிடும்.

நீர் உறையும்போது பத்தில் ஒரு பங்களவு பருக்கும் என்பது மாணவர் அறிந்ததே. தரை உயர்வதற்கு அதுவே காரணமென்று அக்காலத்தார் பலர் கருதினர். தென் கரோலினாவைச் சேர்ந்த ஸ்ரீபன் ரேபர் என்னும் புவிச்சரிதவியலார், 1929 ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் அக்கருத்தை மறுத்தார். அவர் செய்த சோதனை மிக அழகியது. உறையும்போது பருக்காமல் சுருங்கும் இயல்புடைய பென்சீன் என்னும் திரவத்தை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். அப்போதும் மண் மேலெழுந்தது! மண்ணிலே ஏற்கெனவே உள்ள நீர் பருப்பது சிறு காரணமே. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, உறையும் மண் கீழேயிருந்து மேலும் மேலும் நீரை இழுத்து, பனிக்கட்டித் தகடுகளாக அடுக்கிக்கொள்வதே தரை எழுவதற்குப் பெருங்காரணம் என்று அதனால் விளங்கியது.

ஆகவே களஞ்சியம் எழும் மண் எத்தகையது என்பது பெரிய கேள்வி. கடற்கரையின் பருமணல் இவ்வாறு நீரை உறிஞ்சுவதில்லை. குளத்தின் கீழுள்ள வயல் நிலங்களின் நுண்ணிய வண்டல் நன்றாக உறிஞ்சும். மாரிகாலத்தில் அங்கே நிலத்தடி நீரும் மிக மேலே நிற்கும். மலிவாகக் கிடைக்கின்றதென்று அத்தகைய பள்ளக் காணியை வாங்குவோர் பிற்காலத்தில் அதன் விலையைச் சேர்த்தே கொடுக்க நேரிடும்.

இதற்குப் பரிகாரம் யாது? குளிர் அறையின் காலடியைச் சூடாக்குவதே! காப்புப் பலகையின் கீழே மின்கம்பிகளையோ குழாய்களையோ பதிப்பர். குளிரூட்டும் எந்திரம் அறையிலிருந்து எடுத்து வெளியே வீசும் வெப்பத்தின் ஒரு பகுதியை, கிளைக்கோல் என்னும் உறையாத திரவத்தின் வழியாக அக்குழாய்களில் செலுத்துவது சிக்கனமான முறை. நம் முன்னோர் நெற்கூட்டை ஈரமும் கறையானும் அண்டாவண்ணம் கற்களின்மேல் உயர்த்தி வைத்தது போல, கட்டடம் முழுவதையும் தூண்களின்மேல் நிறுத்திக் கீழே காற்றோட விடுவதும் உண்டு. நமது வெப்பக் காற்று இதற்கு ஏற்றதே. ஆயினும் காற்றுக்கென ஒடுங்கிய குழாய்களை மாத்திரம் பதித்தால், ஈரம் உள்ளே நீராகப் படிந்து உறைந்து அவற்றை அடைத்துவிடக் கூடும்.

சூடு மிகுந்தாலும் நட்டமே. அது அறைக்குள் ஏறி மின்கட்டணத்தை உயர்த்தும். காப்பின் கீழுள்ள தளம் பூச்சியத்துக்கு மேலே ஐந்து பாகையளவில் நின்றால் போதும். அதனை அறிவதற்கே, கட்டும்போதே தளத்தினுள் சிறிய மின் வெப்பமானிகளைப் பல இடங்களில் பதிக்கின்றனர். ஓரங்களுக்கு வெளி நிலத்தின் வெப்பம் கிடைப்பதால், நடுத்தளமே மிகக் குளிரும்; வாசலருகே ஒரு வெப்பமானியை வைத்துத் திருப்தியடைவது வீண். வாரந்தோறும் அளவைப் புத்தகத்தில் குறித்து வருவது, ஓர் எழுதுவினைஞரின் பத்து நிமிட வேலை. ஆறு, ஐந்து, நான்கு என்று எண் இறங்கி வருமாயின் எங்கோ ஒரு சூடாக்கி நின்றுவிட்டதென அறியலாம். கவனியாதார்க்குத் தரை வெடிப்பும், மூடாத கதவும், சாய்ந்த அடுக்குகளுமே முதற் செய்தியாகும். அப்பால் அவசரப்பட்டு உருக்கினால் பனி நின்ற இடம் சேறாகித் தரை அமிழ்ந்துவிடும். அறையைக் காலி செய்து, மாதக்கணக்கில் மெதுவாக உருக்க வேண்டும்.

சுவருக்கும் இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. குளிர் நாடுகளில் மாரிக்காலத்தில் வெளியே குளிர்ந்து கிடப்பதால் நீராவி உட்புகும் வேகம் தணியும். வன்னியிலோ பன்னிரண்டு மாதமும் வெளிக்காற்றின் நீராவி சுவரினுள் புக முயன்றுகொண்டேயிருக்கும். அதனைத் தடுக்கும் படலம் வெப்பமுள்ள வெளிப்புறத்திலேயே இருத்தல் வேண்டும். ஓர் ஆணித் துளையும் ஆகாது. ஈரம் ஏறிய காப்பு, காப்பே அன்று.

2022 மார்ச்சு இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திருக்கமாட்டார். நல்ல சுவருள்ள, மீன் நிறைந்த களஞ்சியம் கதவு திறவாதிருந்தால் பல மணி நேரம் தாங்கும். வன்னியில் வெயிலுக்குக் குறைவில்லையாதலால், பகலில் சூரிய மின்சாரத்தால் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை வரை குளிரவைத்து, இரவில் எந்திரத்தை நிறுத்திவைக்கவும் இயலும். ஆனால் அவ்வாறு கூட்டும் குளிரில் ஒரு பங்கு தரைக்கும் இறங்குமாதலால், அடியிலுள்ள சூடாக்கியையும் அதற்கேற்பக் கணக்கிட்டே அமைக்க வேண்டியிருக்கும்.