சேர்வராயன் மலையும் திருப்பிவிடப்படும் ஆறுகளும்

ஓர் ஆற்றுப் படுகையின் நீரை அணையிட்டுத் தேக்கி, கால்வாய் வழியாகவோ மலையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியாகவோ வேறொரு படுகைக்குக் கொண்டுசெல்வதே ஆற்றுத் திசைதிருப்பல் எனப்படும். இத்தகைய திட்டத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. நீர் வந்து சேரும் கடைமுனையில் பாசனப் பரப்பும் குடிநீர் அளவும் கணக்கிடப்பட்டுப் பெருமையுடன் அறிவிக்கப்படுகின்றன. நீர் எடுக்கப்படும் தலைமுனையிலோ, பெரும்பாலும் காட்டையும் மலையையும் சார்ந்து வாழும் பழங்குடி மக்களின் ஊர்கள் நீர்த்தேக்கத்துக்குள் போகின்றன. தமிழ்நாட்டில் நதிநீர் இணைப்பு ஏறக்குறைய எப்போதும் கடைமுனையில் நின்றே பேசப்படுவதால், தலைமுனையில் இருப்போருக்குச் சட்டம் எதைத் தந்திருக்கிறது என்ற கேள்வி இங்கு அதிகம் எழுவதில்லை.

2022 பிப்ரவரி 1 அன்று ஒன்றிய அரசு தன் நிதிநிலை அறிக்கையில் ஐந்து நதி இணைப்புகளின் வரைவுத் திட்ட அறிக்கைகள் முடிந்துவிட்டதாக அறிவித்தது. அவற்றுள் ஒன்று ஆந்திரத்துப் பெண்ணாற்றிலிருந்து கல்லணை வரை வரவேண்டிய பெண்ணாறு–காவிரி இணைப்பு. இன்னொன்று பார்–தாபி–நர்மதை இணைப்பு. முன்னது தமிழகத்தில் நம்பிக்கையை வளர்க்க, பின்னது தெற்குக் குஜராத்தின் மலைப்பகுதியில் போராட்டத்தைத் தொடங்கிவைத்தது. மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்திலும் குஜராத்தின் வல்சாடு, டாங் மாவட்டங்களிலும் மேற்கு நோக்கிப் பாயும் சிற்றாறுகளில் ஏழு அணைகளைக் கட்டி, அவற்றின் நீரைச் சுமார் 395 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் வடக்கே கொண்டுசெல்வது இத்திட்டத்தின் நோக்கம். தேசிய நீர் மேம்பாட்டு முகமையின் கணக்குப்படியே 61 ஊர்களும் 2,509 குடும்பங்களும் பாதிக்கப்படும். தரம்பூர், வான்ஸ்தா, வியாரா ஆகிய ஊர்களில் பழங்குடி மக்கள் தொடர்ந்து பேரணிகள் நடத்தியதைத் தொடர்ந்து, அவ்வாண்டு மே மாதம் குஜராத் முதல்வர் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார். ஆண்டு இறுதியில் அம்மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல் இருந்ததும் கவனிக்கத்தக்கது. 2025இல் திட்ட அறிக்கை பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தபோது தரம்பூரில் பேரணியும் மீண்டும் எழுந்தது. வாய்மொழியாக நிறுத்தப்பட்ட ஒரு திட்டம் கோப்பில் உயிரோடு இருக்கலாம் என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

டாங் மாவட்டத்தாருக்கு வீதிப் போராட்டத்தின் பின்னே ஒரு சட்டக் கவசமும் இருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, பழங்குடியினர் மிகுந்து வாழும் இடங்களை 'அட்டவணைப் பகுதி' என வரையறுத்து அவற்றுக்குத் தனி நிர்வாகப் பாதுகாப்பை அளிக்கிறது. அப்பகுதிகளில் 1996ஆம் ஆண்டின் ஊராட்சி விரிவாக்கச் சட்டப்படி, நிலம் கையகப்படுத்தும் முன் கிராம சபையிடம் கலந்தாலோசிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் அதற்கும் ஒருபடி மேலே சென்று கிராம சபையின் முன் இசைவைப் பெற வேண்டும் என்கிறது. கலந்தாலோசனை என்பது கருத்துக் கேட்பது, இசைவு என்பது மறுக்கும் உரிமையையும் உள்ளடக்கியது. கவசம் இருந்தும் காக்காத இடமும் உண்டு. கோதாவரியில் போலவரம் அணையால் கோயா, கொண்டரெட்டி இனத்தார் உள்ளிட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பெயரவேண்டிய நிலை, அட்டவணைப் பகுதிக்குள்ளேயே ஏற்பட்டது.

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டின் நிலை வேறு. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டது. மாநிலத்தில் பழங்குடியினர் ஆலோசனைக் குழுவும் இருக்கிறது. எனினும் மேற்சொன்ன இரண்டு சட்டங்களின் அட்டவணைப் பகுதிப் பிரிவுகள் சேர்வராயன் மலையில் செல்லா. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியில் கலக்கின்றன. மலையுச்சியின் குகைக் கோயிலில் சேர்வராயனோடு காவேரி அம்மனும் வழிபடப்படுகிறாள், அக்குகை தலைக்காவிரி வரை செல்வதாக மக்கள் நம்புகின்றனர். காவிரியின் நீர்ப்பிடிப்பில் ஒரு தலைமுனையாகவே இம்மலை இருக்கிறது என்பதை நிலவியலாளர் சொல்வதற்கு முன்பே அந்நம்பிக்கை சொல்லிவைத்திருக்கிறது.

இங்கு வாழும் மலையாளி இனத்தார் கேரளத்தோடு தொடர்புடையவர் அல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளிலேயே அப்பெயர் வழங்குகிறது, காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பியர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறியதாக அவர்களின் மரபுக்கதை கூறுகிறது. பழங்குடியினர் பட்டியல் இவர்களை மாவட்டவாரியாகவே ஏற்கிறது. சேலம் மாவட்டத்தில் பழங்குடியாக இருக்கும் அதே இனத்தார் ஈரோட்டின் பர்கூர் மலையில் அப்படிக் கருதப்படுவதில்லை. ஆகவே சாதிச் சான்றிதழ் என்னும் ஒரு தாள், உதவித்தொகைக்கு மட்டுமன்றி நிலவுரிமைக்கும் அடிப்படையாகிறது.

அட்டவணைப் பகுதி அல்லாத இம்மலைக்கு எஞ்சியிருக்கும் வலுவான சட்டம் 2006ஆம் ஆண்டின் வன உரிமை அங்கீகாரச் சட்டமே. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வனநிலத்தில் பயிரிட்டுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமையை அது ஏற்கிறது. பழங்குடிச் சான்று இல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்வை மெய்ப்பிக்க வேண்டும். பர்கூர் மலையாளிகளுக்கு வரும் இடர் இதுவே. பலரும் இச்சட்டத்தைத் தனிப்பட்டா வாங்கும் வழியாக மட்டும் கருதுவது பெருங்குறை. ஊர் முழுவதற்குமான சமூக உரிமைகள் இதில் உள்ளன: மேய்ச்சல், சிறு வனவிளைபொருள், நீர்நிலைகளின் பயன், மரபுவழிக் காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமை ஆகியவை அவை. நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் நீராதாரங்களும் போதிய அளவு காக்கப்படுவதை உறுதிசெய்யும் அதிகாரத்தை ஐந்தாம் பிரிவு கிராம சபைக்கே தருகிறது. உரிமைகளை ஏற்றுச் சரிபார்க்கும் நடைமுறை முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது நான்காம் பிரிவு.

இந்த அதிகாரத்தின் எடை ஒடிசாவின் நியம்கிரியில் வெளிப்பட்டது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டிய மேட்டூர் மால்கோ நிறுவனம் பின்னாளில் எந்தக் குழுமத்தின் கைக்குச் சென்றதோ, அதே வேதாந்தா குழுமம் நியம்கிரியில் பாக்சைட் கேட்டபோது, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. கூடிய 12 சபைகளும் மறுத்தன. பாக்சைட் படிந்த மலைமுகடு மழைநீரை உறிஞ்சி ஊற்றுகளாக விடுவது என்பதால், அதுவும் ஒரு வகையில் ஆற்று வழக்குதான். ஆயினும் 2022இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமைச் சட்டம் பின்பற்றப்பட்டதா என்று பார்க்கும் பொறுப்பை ஒன்றிய அரசின் ஒப்புதலுக்குப் பிந்தைய கட்டத்துக்கு, மாநில அரசிடம் தள்ளிவிட்டன. எல்லாம் முடிவானபின் கேட்கப்படும் இசைவு, இசைவு என்னும் பெயரை மட்டுமே தாங்கியிருக்கும். 2007இல் இந்தியாவும் ஆதரித்து வாக்களித்த ஐ.நா. பிரகடனம், முன்கூட்டியே விவரமறிந்து அளிக்கும் இசைவையே குறிப்பிடுகிறது.

எனவே திட்டம் வருமுன் உரிமையைப் பதிவுசெய்துகொள்வதே காப்பு. கிராம சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. தனிநபர் கோரிக்கைக்கு 'அ' படிவமும் சமூக உரிமைக்கு 'ஆ' படிவமும் சமூக வன வளத்துக்கு 'இ' படிவமும் உள்ளன. சபையில் உறுப்பினரில் பாதிப்பேர் கூடியிருக்க வேண்டும், கூடியோரில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். எஸ்டேட் குடும்பங்களும் சிற்றூர்களும் கலந்த பெரிய ஊராட்சியின் சபையில் பழங்குடியினர் குரல் கரைந்துபோகும் இடங்களில், குக்கிராமங்களைத் தனியே பட்டியலிட 2012ஆம் ஆண்டின் திருத்த விதிகள் இடமளிக்கின்றன. சான்றாக அரசு ஆவணம் மட்டுமே வேண்டும் என்று அலுவலர் கூறினால் அது தவறு. இடுகாடு, கோயிற்காடு, பழைய கிணறு, முதியோர் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலம் ஆகியவையும் சான்றுகளே, இரண்டு சான்றுகள் போதும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் கோட்ட அளவுக் குழுவிடமும், பின்னர் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடமும் 60 நாள்களுக்குள் முறையிடலாம்.

பட்டா நிலம் என்றால் வழி வேறு: 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதல்நிலை அறிவிக்கை வெளியான 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபிக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துச் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை 30 நாள்களுக்குள் அணுக வேண்டும், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள் கிடைக்கும். பழங்குடியினர் எவருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அமர்த்தித் தரும். அதற்கான தொலைபேசி எண் 15100.

பட்டா நிலத்துக்கும் சுற்றுச்சூழல் அனுமதிக்குமான இந்த நாள்கணக்குகள் திட்டம் அறிவிக்கப்பட்ட பின்னரே ஓடத் தொடங்குபவை. வன உரிமைக் கோரிக்கைக்கு மட்டும் சட்டம் கடைசி நாள் என்று எதையும் குறிக்கவில்லை; சேர்வராயன் மலையின் எந்தச் சிற்றூரும் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே அதை முன்வைக்கலாம்.