வண்டி வளையும்போது ‘கரகர’ சத்தமா? காரணமும் வைத்தியமும்



நம்ம மரக்காணம் பக்கம் கார், வேன் ஓட்டுபவர்கள் அடிக்கடி சொல்வது இது: “நேரா போனா நல்லா போகுது, வளைச்சா மட்டும் கரகரங்குது.” சிலர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டுவார்கள். அதனால் சத்தம் காதில் விழாது, ஆனால் கோளாறு அப்படியேதான் இருக்கும். காய்ச்சல் என்று போனால் டாக்டர் “எப்போ வருது? குளிர் இருக்கா?” என்று கேட்கிறார் அல்லவா? அதுபோலச் சத்தத்தையும் கேள்வி கேட்டால் எந்தப் பாகத்தில் கோளாறு என்று தெரிந்துவிடும். மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்க்கும் என் மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வளையும்போது மட்டும் ஏன்?

பஸ் இடது பக்கம் வளைந்தால் நாம் வலது பக்கம் சாய்கிறோம். அதேபோல வண்டியின் பாரமும் வலது பக்கச் சக்கரங்கள் மேல் கூடுதலாக ஏறும். நேராகப் போகும்போது பொறுத்துக்கொண்ட பழுதான பாகம், பாரம் ஏறியதும் கத்த ஆரம்பிக்கும்.

சத்தம் நான்கு வகை

1. ‘ஊ... கரகர’: இது சக்கரத்தின் பேரிங். வேகம் கூடினால் சத்தமும் கூடும். இடது பக்கம் வளைக்கும்போது அதிகமானால் பெரும்பாலும் வலது சக்கரத்தின் பேரிங்தான். வலது பக்கம் வளைத்தால் அதிகமாகிறதா? அப்போது இடது சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

2. ‘டக் டக் டக்’: ஸ்டியரிங்கை முழுசா ஒடித்து, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது வரும். மாருதி 800, ஆல்டோ, இண்டிகா போன்ற கார்களில் முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது. அந்தச் சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலில் நம் முழங்கை மாதிரி ஒரு மூட்டு உண்டு. அதன் மேல் போட்ட ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போய், மணல் உள்ளே போய்விடும். ஆம்னியிலும் டாட்டா ஏஸிலும் (நம்ம குட்டி யானை) பின்சக்கரம் தள்ளுவதால் முன்பக்கம் இந்த மூட்டு கிடையாது.

3. ‘சர்ர்... சர்ர்’: தகரம் உரசும் சத்தம். பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு இருக்கும். அது வளைந்திருக்கலாம், இல்லாவிட்டால் நடுவில் ஒரு பொடிக்கல் மாட்டியிருக்கலாம். பயப்பட வேண்டாம், செலவும் குறைவு.

4. பிரேக் பிடித்தால் அதிகமாகும் ‘கர்ர்’: பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. உடனே மாற்ற வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?

சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டும். சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றினால் வழவழவென்று சுற்ற வேண்டும். கரகரத்தால் பேரிங் போச்சு. இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், நாம் பார்க்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கவே கூடாது.

நம்ம ஊரில் ஏன் சீக்கிரம்?

காரணம் உப்பு. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும். தண்ணீரில் உப்பு கலந்தால் மின்சாரம் எளிதாகக் கடக்கும், அதனால் துருவும் வேகமாகப் பிடிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் இருக்கிறது. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் உப்பு மூட்டை ஏற்றின வண்டி காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் ஈரமாகவே இருக்கும். உப்பளத்துப் பாதையில் போய் வந்ததும் நல்ல தண்ணியால் வண்டியின் அடிப்பக்கத்தையும் சக்கரத்தையும் கழுவ வேண்டும். பாதி செலவு மிச்சம் என்கிறார் மாமா.

வைத்தியம்

கல் மாட்டியிருந்தால் எடுத்துவிடலாம். தகடு வளைந்திருந்தால் நிமிர்த்திவிடலாம். ரப்பர் உறை மட்டும் கிழிந்து சத்தம் இன்னும் வரவில்லை என்றால், மூட்டைக் கழுவிப் புது கிரீஸ் வைத்து உறையை மாற்றினால் போதும். சத்தம் வந்துவிட்டால் மூட்டையே மாற்ற வேண்டும். பேரிங்கை ரிப்பேர் செய்ய முடியாது, புதுசுதான். அதையும் சுத்தியால் அடித்து ஏற்றாமல் பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும். அடித்தால் உள்ளே இருக்கும் குண்டுகளும் அவை ஓடும் பாதையும் அடிபட்டு, புதுசும் சீக்கிரம் கத்தும்.

போன மழைக்காலத்தில் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்று ஷெட்டுக்கு வந்தது. பல நாளாகச் சத்தம் இருந்ததாம். கழற்றிப் பார்த்தால் பேரிங் சூட்டில் நீலமாகி, குண்டுகள் உடைந்து கிடந்தன. “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சக்கரமே கழண்டிருக்கும்” என்றார் மாமா. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது அப்படி ஆனால் உள்ளே இருக்கும் பிள்ளைகள் கதி என்ன?

சங்க காலத்தில் உப்பு விற்ற உமணர்கள், வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டிக்குக் கீழே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். புறநானூறு 102ஆம் பாட்டில் ஔவையார் இதைச் சொல்கிறார். உப்பு வண்டிக்காரர்கள் அப்போதே புறப்படும் முன் யோசித்தார்கள். நாமும் வேனில் ஏறும்போது சத்தம் கேட்டால் சும்மா இருக்க வேண்டாம். “அண்ணே, வளையும்போது சத்தம் வருது, பாருங்க” என்று டிரைவர் அண்ணனிடம் சொல்வோம். வீட்டிலும் சொல்வோம்.

உங்களுக்குத் தெரியுமா? வண்டி அச்சில் குண்டு பேரிங் வைப்பதற்கு 1794ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் பிலிப் வாகன். இவர் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இரும்புத் தொழில் செய்தவர்.

இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி