மந்தமா இருந்தது சித்தப்பாவா, சோதனையா?

எங்க சித்தப்பா மண்டகப்பட்டு பக்கம் கரும்பு போடுறவர். மகேந்திரவர்மன் குடைஞ்ச குகைக்கோயில் இருக்கே, அதே ஊர்தான். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரும்வரை கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் எதைச் சொன்னாலும் மறந்துடுவார். "கொஞ்சம் மந்தம்"னு நாங்க சிரிச்சிருக்கோம்.

2013ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நான்கு பேர் செய்தது. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னாடியும் பின்னாடியும் சோதித்தார்கள். ரேவன் என்கிற வடிவப் புதிர்ச் சோதனையில், முன்னாடி சராசரியா 4.35 சரியான விடை. பணம் வந்த பிறகு 5.45. அதே ஆள், அதே மூளை! பணக்கவலை யோசனையைத் தின்னுடுதுன்னு அவர்கள் சொன்னார்கள்.

இங்கதான் நம்பகத்தன்மை வருது. ஒரே மூட்டையை ரெண்டு தடவை நிறுத்து, 40 கிலோ, 46 கிலோன்னு காட்டினா, தராசை நம்ப மாட்டோம். மனிதர்களிடம் சிக்கல் வேற: மாறினது ஆளா, அளவுகோலா? ரெண்டாவது தடவை எழுதும்போது பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறலாமே?

அதை அவர்கள் யோசிச்சிருந்தாங்க. 100 விவசாயிகளை முதல் சுற்றில் சோதிக்காமலே ஒதுக்கி வெச்சாங்க. அவர்கள் முதல் தடவை எழுதினதே அறுவடைக்குப் பின்னாடிதான். அவர்களும் நல்லாவே செய்தார்கள். அப்போ பழக்கம் மட்டும் காரணம் இல்லை. வெட்டும் எல்லாருக்கும் ஒரே மாதத்தில் நடப்பதில்லை. அதனால வெயில், பண்டிகை மேலயும் பழி போட முடியாது.

அத்தோட முடிஞ்சதா? இல்லை. இன்னொரு இடத்தில் செய்தாலும் அதே முடிவு வரணும். கார்வாலோ குழு அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களில் ஒரு பிரிவைச் சம்பள நாளுக்கு முன்னாடியும், இன்னொரு பிரிவைப் பின்னாடியும் சோதித்தது. 2016ல் வந்த அந்த ஆய்வில் இப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் கரும்புப் பணமும் அடிக்கடி வரும் சம்பளமும் ஒண்ணு இல்லைதான். ஆனா, "வறுமை அறிவைக் குறைக்கும்"னு எல்லா ஊருக்கும் சேர்த்துச் சொல்ல இது போதாது.

அதனால, அடுத்த தடவை "ஆய்வு சொல்லுது"ன்னு ஒரு ரீல்ஸ் வந்தா, ரெண்டு கேள்வி கேளுங்க: திரும்ப அளந்தாங்களா? வேற ஆட்கள் செய்தும் அதே வந்ததா?

சித்தப்பா விஷயத்தில் நான் செய்தது இன்னும் மோசம். ஒரே ஒரு தடவை, அதுவும் அவரோட கஷ்ட காலத்தில் பார்த்துட்டு, ஆளையே எடை போட்டுட்டேன்.