ஆள்காட்டி விரலுக்கு 10 சதவீதம்: மருத்துவர்களின் இயலாமைக் காப்பீடு பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி ஒருபுறம். காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம், மதுராந்தகம் வட்டாரங்களில் தனியார் மருத்துவக் கல்லூரிகள் மறுபுறம். காலையில் கல்லூரி, மதியம் ஈசிஆரில் ஓர் ஆபரேஷன், மாலையில் சொந்த கிளினிக் என்று பாதி நாளைக் காரிலேயே கழிக்கிறவர்கள் பலர். நோயாளிகளின் இன்ஷூரன்ஸ் படிவங்களில் தினமும் கையெழுத்துப் போடும் இவர்கள், அந்தக் கையே ஓடாமல் போனால் வீட்டுக்கு யார் பணம் தருவார் என்று யோசிக்கத் தொடங்கும்போது கேட்கிற கேள்விகள் இவை.

அமெரிக்காவில் இருக்கும் என் வகுப்புத் தோழர் ‘டிசெபிலிட்டி இன்ஷூரன்ஸ்’ எடுத்திருக்கிறார். ஆபரேஷன் செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம் வருமாம். இங்கே எந்த நிறுவனத்தில் கிடைக்கும்?

அதே வடிவில் இங்கே கிடைக்காது. அங்கே ஒரு மருத்துவர் தன் சிறப்புத் துறையைப் பெயர் சொல்லிக் காப்பீடு செய்யலாம். கண் அறுவைசிகிச்சை செய்ய முடியாமல் போனவர் கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பாதித்தாலும் பணம் வரும். காரணம் விபத்தா, நோயா என்ற கேள்வியும் இல்லை. வழக்கமாக 90 நாள் காத்திருப்புக்குப் பிறகு மாதத் தொகை தொடங்கும். அங்கே மேற்படிப்புக்குப் போகிறவர்கள் பயிற்சிக் காலத்திலேயே அதை எடுத்துவிடுவது நல்லது. வயதும் குறைவு, நோய்க் குறிப்புகளும் குறைவு.

இங்கே கடையில் இருப்பவை மூன்று துண்டுகள்: தனிநபர் விபத்து பாலிசி, தீவிர நோய் பாலிசி, டேர்ம் பாலிசியோடு ஒட்டிக்கொள்ளும் ரைடர். மூன்றையும் நாமேதான் சேர்த்துத் தைக்க வேண்டும். தைத்த பிறகும் இடையில் ஓட்டை இருக்கும். ஓட்டை எங்கே என்று தெரிந்து வாங்குகிறவர் ஏமாறுவதில்லை.

என்னிடம் 1 கோடி ரூபாய்க்குத் தனிநபர் விபத்து பாலிசி இருக்கிறது. அது போதாதா?

பாலிசி புத்தகத்தை எடுத்து ‘நிரந்தர முழு ஊனம்’ என்ற பகுதியைப் படியுங்கள். இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால், அல்லது ஒரு கண்ணும் ஒரு கையும் என்று பட்டியல் வரும். அதற்குள் அடங்காத காயங்களுக்கு, எவ்வித வேலையிலும் தொழிலிலும் ஈடுபட முடியாத நிலை இருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கும். கவனிக்க வேண்டியது அந்த வாக்கியத்தைத்தான். உங்கள் தொழில் என்று அது சொல்லவில்லை, எந்தத் தொழிலும் என்கிறது. கத்தி பிடிக்க முடியாத சர்ஜன் நாற்காலியில் உட்கார்ந்து புறநோயாளிகளைப் பார்க்க முடியும் என்றால், நிறுவனத்தின் கணக்கில் அவர் முழு ஊனம் அடைந்தவர் அல்லர்.

அப்போது அவருக்குக் கிடைப்பது ‘நிரந்தரப் பகுதி ஊனம்’ அட்டவணைப்படியான தொகை. நம் நாட்டு விபத்து பாலிசிகள் பலவற்றில் நெடுங்காலமாக இருந்துவரும் அட்டவணை இது: கட்டைவிரல் முழுதும் போனால் 25 சதவீதம், ஆள்காட்டி விரல் 10, நடுவிரல் 6, மோதிர விரல் 5, சுண்டுவிரல் 4. ஒரு கையின் ஐந்து விரலும் போனால் 40. ஒரு கண் அல்லது ஒரு கை போனால் 50. உங்கள் 1 கோடியில் ஆள்காட்டி விரலுக்குக் கிடைப்பது 10 லட்சம் ரூபாய். லேப்ராஸ்கோபி செய்கிறவருக்கும் வீட்டு வாடகை வருமானத்தில் வாழ்கிறவருக்கும் அதே 10 லட்சம்தான். ஆழம் பார்த்துத் தையல் போட இரண்டு கண்ணும் வேண்டிய கண் மருத்துவருக்கு, ஒரு கண் போனால் பாதித் தொகை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பிரீமியம் கணக்கிடும்போது மருத்துவர்களை, கணக்காளர்கள், வழக்கறிஞர்களோடு சேர்த்து மிகக் குறைந்த ஆபத்துப் பிரிவில் வைக்கிறார்கள். விபத்து நேரும் வாய்ப்பைப் பொறுத்தவரை அது நியாயம்தான். நமக்குப் பிரீமியமும் குறைகிறது. ஆனால் கணக்காளர் ஒரு விரல் இல்லாமலும் கணக்கு எழுதுவார் என்பது அந்தப் பிரிவினையின் கண்ணில் படுவதில்லை.

விரல் அப்படியே இருக்கிறது, நரம்பு அறுந்து உணர்ச்சியும் பிடியும் போய்விட்டன என்றால்? செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருமணியில் உள்ள மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய்வந்தவர்களுக்கு, முழுதாக இருக்கும் கை பயன்படாமல் போவது என்றால் என்ன என்று தெரியும். பாலிசியில் ‘இழப்பு’ என்பதற்கு வெட்டுண்டு போவது மட்டும்தான் பொருளா, பயன்பாட்டை நிரந்தரமாக இழப்பதும் அதில் சேருமா என்று பாருங்கள். இரண்டாவது இல்லாத பாலிசியை ஒரு சர்ஜன் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. விபத்து நடந்து 12 மாதங்களுக்குள் ஊனம் வெளிப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் பொதுவாக உண்டு.

மணிக்கட்டு எலும்பு முறிந்து மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. ஏதாவது கிடைக்குமா?

‘தற்காலிக முழு இயலாமை’ என்ற சேர்க்கையை எடுத்திருந்தால் வாரத் தொகை கிடைக்கும். எடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை. பல பாலிசிகளில் காப்பீட்டுத் தொகையில் வாரத்துக்கு 1 சதவீதம், அதிகபட்சம் 100 வாரம் என்று இருக்கும்; ஆனால் கீழே சிறிய எழுத்தில் ஓர் உச்சவரம்பும் இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவுப்படி 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் ‘சரல் சுரக்ஷா பீமா’ என்ற பொதுவடிவ பாலிசியில் 2.5 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை எடுக்கலாம். அதில் விருப்பச் சேர்க்கையாக வாரத்துக்கு 0.2 சதவீதம் உண்டு. 1 கோடிக்கு வாரம் 20,000 ரூபாய். கிளினிக் வாடகையும் நர்ஸ் சம்பளமும் கொடுக்க அது உதவும், மற்றதற்குச் சேமிப்புதான்.

எவ்வளவு தொகைக்குப் பாலிசி தருவார்கள் என்பதை உங்கள் வருமானவரிக் கணக்கு தீர்மானிக்கிறது. மருத்துவமனை தரும் தொழில்முறைக் கட்டணம் டிடிஎஸ் பிடித்தத்தோடு கணக்கில் வந்துவிடும். மாலை கிளினிக்கில் கல்லாவில் விழும் ரொக்கம் எத்தனை டாக்டர்களின் கணக்கில் வருகிறது என்று நான் கேட்கப் போவதில்லை. காட்டாத வருமானத்தைக் காப்பீடு செய்ய முடியாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

விபத்து இருக்கட்டும். எனக்குப் பயம் பக்கவாதமும் முதுகுத் தண்டும்தான்.

சரியான பயம். விபத்து பாலிசி நோய்க்கு ஒரு ரூபாய்கூடத் தராது. எது விபத்து என்பதிலும் சண்டை உண்டு. கொசு கடித்து மலேரியா வந்து இறந்த ஒருவரின் வழக்கில், அது விபத்து ஆகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோய் பரவியிருக்கும் இடத்தில் அது வரக்கூடியதுதான் என்பது காரணம். மழைக்கால வார்டில் வேலை பார்த்து டெங்கு வந்த மருத்துவரும் இதே வாதத்தைச் சந்திக்க நேரலாம். பாம்புக்கடியைப் பொதுவாக விபத்தாகவே ஏற்கிறார்கள். கொரோனா காலத்தில் 2020 மார்ச் இறுதியில் மத்திய அரசு அறிவித்த 50 லட்ச ரூபாய்க் காப்பீடும் உயிரிழப்புக்கு மட்டும்தான். தொற்றால் நுரையீரல் கெட்டு வேலையை விட்ட மருத்துவர்களுக்கு அதில் இடம் இருக்கவில்லை.

நோய்க்கு இருப்பது தீவிர நோய் பாலிசி. பட்டியலில் உள்ள நோய் வந்தால் மொத்தத் தொகை ஒரே தடவையில் கைக்கு வரும். வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்க மாட்டார்கள். ஆனால் வரையறைகள் கடுமையானவை. பக்கவாதம் என்றால் நரம்புக் குறைபாடு குறைந்தது 3 மாதம் நீடிக்க வேண்டும். சிறிது நேரத்தில் சரியாகிவிடும் டிஐஏ சேராது. கைகால் செயலிழப்பும் 3 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். பெரும்பாலும் முதல் 90 நாள் காத்திருப்பும், நோய் உறுதியான பின் 30 நாள் உயிரோடிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பார்கின்சன் சில பட்டியல்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. மணிக்கணக்கில் குனிந்து நின்று தேய்ந்துபோன கழுத்தெலும்பும், மன அழுத்தமும் பொதுவாக எந்தப் பட்டியலிலும் இருக்காது. மருத்துவர்களை வேலையிலிருந்து இறக்கிவிடுவதில் இவை இரண்டுக்கும் பங்கு உண்டு என்பதால், நான் முன்பு சொன்ன ஓட்டைகளில் பெரியது இதுதான். இதற்கு இப்போதைக்கு ஒரு வருடச் செலவுக்கான கைச்சேமிப்பைத் தவிர வேறு பாலிசி எனக்குத் தென்படவில்லை.

நான் அரசு மருத்துவர். எனக்கும் இதெல்லாம் தேவையா?

குறைவாகத் தேவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி, பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ முடியாது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். பணி இல்லாவிட்டால் தனியாக ஒரு பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். சம்பளம் வரும் வங்கிக் கணக்கோடும் விபத்துக் காப்பீடு ஒட்டியிருக்கும். தமிழக அரசு 2025 மே மாதம் வங்கிகளோடு செய்த ஒப்பந்தத்தில் அது 1 கோடி ரூபாய் வரை. உங்கள் கணக்கு அந்த வகைக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று கிளையில் கேட்டுவிடுங்கள். பாதுகாப்பில்லாதது மாலை கிளினிக் வருமானம் மட்டுமே. தனியார் கல்லூரியில் இருப்பவர்களுக்கு இந்த அளவு அரண் இல்லை, மருத்துவமனை எடுத்துத்தரும் குழுக் காப்பீடும் வேலையை விட்ட அன்றே முடிந்துவிடும்.

ஈசிஆரில் வேறொருவர் வண்டி மோதி கை போனால்?

இங்கேதான் சட்டம் உங்கள் தொழிலைப் பார்க்கிறது. ராஜ் குமார் – அஜய் குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது: உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதம் வேறு. இடது கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ இழப்பு ஏறத்தாழ 100 சதவீதம்; அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். ஆகவே செங்கல்பட்டு மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் ஒரு சர்ஜன், அட்டவணைப்படி 10 சதவீதம் என்று நின்றுவிடாமல், தன் வருமானம் எவ்வளவு வீழ்ந்தது என்று நிரூபிக்கலாம். பாலிசிப் பணம் தனி, இந்த இழப்பீடு தனி.

தவறு உங்களுடையதாக இருந்தால், வண்டியின் இன்ஷூரன்ஸில் உள்ள உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு 15 லட்ச ரூபாய். முன்பு இது இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சமாகத்தான் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2018-இல் உயர்ந்தது.

தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கிறேன். அதில் இது வராதா?

வராது. அது நோயாளி உங்கள்மேல் வழக்குப் போட்டால் காக்க. உங்கள் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவர் சங்கங்களின் குடும்பநலத் திட்டங்களிலும் முதன்மையானது இறப்புக்கான உதவி. ஊனத்துக்கு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் அலைச்சறுக்கு செய்கிறேன். அதற்கும் பொருந்துமா?

மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்துவிட்டது. இளம் மருத்துவர்கள் பலகையோடு கடலுக்குப் போவதில் வியப்பில்லை. சில பாலிசிகள் தொழில்முறை சாகச விளையாட்டை மட்டும் விலக்குகின்றன, சில எல்லாவற்றையும் விலக்குகின்றன. நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்ன ‘அதெல்லாம் கவராகும் சார்’ க்ளெய்ம் நேரத்தில் நிற்காது.

எதை முதலில் வாங்குவது?

வீட்டில் உங்களை நம்பி ஆட்கள் இருந்தால் டேர்ம் பாலிசி, அதோடு ஊனமடைந்தால் பிரீமியத்தைத் தள்ளுபடி செய்யும் ரைடர். அடுத்து வருமானம் அனுமதிக்கும் அளவு பெரிய விபத்து பாலிசி, வாரத் தொகைச் சேர்க்கையோடு. 40 வயதுக்கு முன்பே தீவிர நோய் பாலிசி. கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி விற்கப்படும் திட்டங்களைத் தொட வேண்டாம். ஒரே பிரீமியத்தில் காப்பீடும் குறைவு, லாபமும் குறைவு. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதமரின் சுரக்ஷா பீமாவை உங்களுக்காக இல்லாவிட்டாலும் கிளினிக் ஊழியர்களுக்காகப் போட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. குழு பாலிசிகளுக்கு உண்டு. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

இருக்கிற நோயை மறைக்காதீர்கள். தனக்குத்தானே சுகர் பார்த்து, தனக்குத்தானே மாத்திரை எழுதிக்கொள்கிற மருத்துவர், ‘எனக்குத் தெரியாது’ என்று பிறகு சொல்ல முடியாது.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால்?

பெரும்பாலும் சிக்கல் விபத்து நடந்த அன்றே தொடங்குகிறது. நண்பரின் மருத்துவமனைக்குப் போய், சீட்டுகூடப் போடாமல் தையல் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு இல்லாமல் விபத்து நடந்ததற்கே ஆதாரம் இல்லை. நோயாளிக்குச் செய்கிற அதே ஒழுங்கை உங்களுக்கும் செய்துகொள்ளுங்கள்: ஏ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, நரம்புப் பரிசோதனை அறிக்கை, நிறுவனத்துக்கு உடனடித் தகவல். அரசு மருத்துவக் குழு தரும் ஊனச் சான்றும் யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் உதவும். ஆனால் அதிலுள்ள சதவீதத்தை அப்படியே நிறுவனம் ஏற்க வேண்டும் என்பதில்லை, அது தன் அட்டவணையைத்தான் பார்க்கும்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தி தராவிட்டாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். நிறுவனம் மறுத்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். உங்கள் கோரிக்கை 1 கோடி என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கட்டிய பிரீமியம், கேட்கும் தொகை அல்ல. குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடவும் முடியும். அதனால் 1 கோடி ரூபாய் பாலிசிக்கான வழக்கையும் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்திலேயே, 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம்.