நீரை விலக்கும் இருமுகத் துகள்கள்

சேம்பு இலைமேல் விழுந்த மழைத்துளி ஒட்டாமல் முத்துப்போல் உருண்டோடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். தாமரை இலையும் அத்தகையதே. காரணம் யாது? இலைப்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத மேடுகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின்மேல் மெழுகு படிந்திருக்கிறது. மேடுகளுக்கிடையே காற்றுத் தங்குவதால், நீர்த்துளி அவற்றின் உச்சிகளை மட்டுமே தொடுகிறது. ஜெர்மானியத் தாவர இயலார் பார்த்லோட், நைன்ஹுயிஸ் இருவரும் 1997-இல் இதனைத் தெளிவாக விளக்கினர்.

இலையை விரலால் அழுத்தித் தேய்த்தபின் நீர் விட்டால், தேய்த்த இடத்தில் நீர் ஒட்டும். உயிருள்ள இலை மெழுகை மீண்டும் சுரந்து கொள்ளும். துணியால் அது முடியுமா? நீரை விலக்கும் பூச்சு, துணியையும் உறுதியாகப் பற்றுவதில்லை. சலவைக்குச் சலவை தேய்ந்து, கழிவுநீரோடு போய்விடுகிறது. அவ்வாறு போகும் புளோரின் சேர்மங்கள் பல, மண்ணிலும் நீரிலும் நெடுங்காலம் சிதையாமல் தங்குகின்றன. எனவே பூச்சு நீரை விலக்கவும் வேண்டும். துணியை விடாது பற்றவும் வேண்டும்.

முரணான இவ்விரு வேலைகளையும் ஒரே துகளின் இரு பக்கங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தனர் விஞ்ஞானிகள். இரு முகமுடைய ரோமானியத் தெய்வமான ஜேனஸின் பெயரையே அத்துகளுக்கும் இட்டனர். 1991-இல் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் டி ஜென், தம் பரிசுரையில் இவற்றைப் பற்றிப் பேசிய பிறகு ஆராய்ச்சி வளர்ந்தது.

இதனைச் செய்யும் முறை ஒன்று காண்போம். உருகிய மெழுகு, சுடுநீர், நுண்ணிய சிலிக்காத் துகள்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குவர். மெழுகு சிறு உருண்டைகளாகப் பிரிய, துகள்கள் அவற்றின் மேற்பரப்பில் எள்ளுருண்டையில் எள் பதிவதுபோல் பதியும். ஆறியதும், வெளியே தெரியும் பக்கத்திற்கு மட்டும் ஓர் இரசாயனம் ஏற்றுவர். பின்னர் மெழுகைக் கரைத்துவிட்டால், மறைந்திருந்த பக்கத்திற்கு வேறொன்றை ஏற்றலாம்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2011-இல் இத்தகைய துகள்களைத் துணியில் ஏற்றினர். நீரை விரும்பும் முகம் இழையோடு இரசாயனப் பிணைப்பால் இணைந்தது. நீரை வெறுக்கும் முகம் வெளியே நோக்கி நின்றது. உருண்டைத் துகள்களே இலையின் மேடுகள்போலவும் அமைந்தன.

ஆயினும், மெழுகின் மேற்பரப்பில் இடம்பெற்ற துகள்களே இருமுகம் பெறுவதால், இம்முறையில் கிடைக்கும் அளவு சொற்பமே. மலிவாகவும் மிகுதியாகவும் செய்ய வழி காண்பதே எஞ்சியுள்ள பெரும்பணி.

இருமுகம் காட்டும் மனிதரை உலகம் இகழும். இத்துகளுக்கோ அதுவே சிறப்பு.