இடுப்பெலும்பைத் தாங்கும் உலோகக் கூடு

இடுப்பில் வைத்த செயற்கை மூட்டு நாளடைவில் தளர்ந்து, அதனை ஏந்திய எலும்புக் குழியும் கரைந்துபோமாயின் என் செய்வது? சுவிட்சர்லாந்து தேசத்து வைத்தியர் புர்க் என்பார் 1974இல் ஓர் உலோகக் கூடு அமைத்தார். ஷ்னைடர் என்பார் அதனைத் திருத்தினார். இக்கூடு குழியைப் பாலம்போல் தாண்டி, மேலும் கீழுமுள்ள நல்லெலும்பைப் பற்றி நிற்கும். பின்புறத்தே எலும்புத் துணுக்குகளை நிரப்புவர்.

இஃது எத்துணைக் காலம் நிலைக்கும்? உலோகத்தின் உறுதி ஒன்றையே கருதி விடையிறுத்தல் பொருந்தாதென்பது நம் கருத்து. நடக்குந்தோறும் உடற்பாரம் ஏறி இறங்க, கூடு நுண்ணிதாய் வளைந்து நிமிரும். கம்பியைப் பன்முறை வளைப்பின் முறிதலை யாவரே அறியார்! நிரப்பிய துணுக்குகள் உயிரெலும்போடு கூடி இறுகின், பாரத்தை அவை பகிர்ந்துகொள்ளும். கூடாவாயின் திருகாணி தளரும், தகடும் முறியும். முன்னமே எலும்பிழந்த நோயாளி மீண்டும் அறுவைக்கு உட்படல் வேண்டும். இதுபற்றியே, எலும்பு உட்புகுந்து வளரத்தக்க நுண்துளை உலோகக் கிண்ணங்களை இந்நாளில் வைத்தியர் பலர் விரும்புகின்றனர்.