மீட்டர் முதலில், கூலர் பிறகு

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 வளைவுகளிலோ ஆட்டோமேட்டிக் கார் முழுச் சுமையோடு ஏறும்போது என்ஜினோடு கியர் பாக்ஸும் கடுமையாகச் சூடாகிறது. ஆனால் பெரும்பாலான கார்களின் டேஷ்போர்டில் கியர் ஆயிலின் சூட்டைக் காட்டும் மீட்டர் கிடையாது. கருகிய வாடை வந்த பிறகோ, வண்டி இழுக்காமல் நின்ற பிறகோதான் விஷயமே தெரியவருகிறது. அந்தக் கட்டத்தில் செலவு லட்சக்கணக்கில் போகக்கூடும்.

இந்தப் பயத்தில் பலர் தனியாக ஒரு ஆயில் கூலர் போட்டுவிடலாம் என்று கடைக்குப் போகிறார்கள். தேவைப்படும் வண்டிக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் முதலில் அளக்க வேண்டும். வாரண்டியில் உள்ள புது வண்டி சாதாரண ஓட்டத்திலேயே சூடானால், அது நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய குறையாக இருக்கலாம். அவசரப்பட்டுக் கூலரைப் போட்டால், அந்தக் குறைக்கான சாட்சியத்தை நாமே அழித்தவர்கள் ஆவோம்.

சூடு எப்படி உண்டாகிறது?

டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் வண்டியில் என்ஜினின் சுழற்சி ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குப் போகிறது. ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது இரு பக்கச் சுழற்சியும் ஒத்துப்போவதில்லை. அந்த வித்தியாசத்தால் வீணாகும் ஆற்றல் சூடாக மாறுகிறது. பொதுவாக இந்த ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் கவலையில்லை. 115 டிகிரிக்கு மேல் நெடுநேரம் நீடித்தால் ஆயில் பிசினாகப் படியத் தொடங்கும். அதற்கும் மேலே போனால் ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவை நிறுவனத்தின் கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா வண்டிக்கும் கூலர் பயன்படுமா?

பயன்படாது. நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்று விற்கப்படும் சிறிய கார்களில் பல ஏ.எம்.டி. வகை. உள்ளே இருப்பது மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கும் வேலையை ஒரு கருவி செய்கிறது. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திவைத்தால் கருகுவது கிளட்ச். அதற்கு ஆயில் கூலரால் பயனில்லை. உலர் கிளட்ச் கொண்ட டி.சி.டி. வண்டிக்கும் இதே கதைதான். டார்க் கன்வர்ட்டர் வண்டிகளுக்குக் கூலர் உதவும். சி.வி.டி. வண்டிக்கும் உதவக்கூடும், ஆனால் அதன் ஆயில் வேறு வகை என்பதால் நிறுவனத்தைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது. வண்டி எந்த வகை என்று கேட்காமலே கூலரை விற்க முனையும் கடையில் வேலை கொடுக்காதீர்கள்.

கூலர் போடும் முன் சூட்டை அளப்பதற்கு எளிய வழி, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு ரீடரைச் செருகுவது. பல வண்டிகளில் கியர் ஆயிலின் சூட்டை அது செல்போனிலேயே காட்டும். ஒயரை வெட்ட வேண்டியதில்லை. தனி மீட்டர் என்றால் சென்சார் எங்கே பொருத்தப்படுகிறது என்று கேளுங்கள். ஆயில் தொட்டியில் வைத்தால் கியர் பாக்ஸின் சராசரி நிலை தெரியும். கன்வர்ட்டரிலிருந்து வெளியேறும் குழாயில் வைத்தால் அளவு மிக அதிகமாகக் காட்டிப் பயமுறுத்தும். அளவு எகிறும்போது தேதி, இடம், சுமை ஆகியவற்றைக் குறித்து, மற்றொருவரைக் கொண்டு படம் எடுத்துவையுங்கள்.

பொருத்தும்போது கவனம்

கூடுதல் கூலர் வழக்கமாக ரேடியேட்டருக்குள் உள்ள கூலரைத் தாண்டி, ஆயில் கியர் பாக்ஸுக்குத் திரும்பும் வழியில் அமைய வேண்டும். கியர் ஆயிலுக்கென்று தயாரான ஓஸ்தான் போட வேண்டும். பெட்ரோல் டியூப் சூட்டிலும் அழுத்தத்திலும் பிளந்துவிடும். கசியும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மீது சொட்டினால் தீப்பிடிக்கலாம். பிளாஸ்டிக் பட்டையை ரேடியேட்டர் தகடுகளுக்குள் நுழைத்துக் கூலரைக் கட்டினால், அதிர்வில் உரசி ரேடியேட்டரே ஓட்டையாகும். மீட்டர் ஒயருக்குத் தனி ஃபியூஸ் அவசியம். வேலை முடிந்ததும் ஆயில் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சட்டமும் வாரண்டியும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கூலர் அந்த விவரங்களைத் தொடுவதில்லை. ஆனால் அதற்கு இடம் தேடிப் பம்பரை வெட்டுவதும், முன்னால் இரும்புக் கம்பி வைப்பதும் சிக்கலைக் கூட்டும். அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடமுண்டு.

வெளியில் வேலை செய்தாலே வாரண்டி போய்விடும் என்று சொல்லப்பட்டால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு எதிரான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம், வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றது. தவறான வெளி வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. அந்த உத்தரவு பின்னர் மேல்முறையீடுகளுக்குப் போனது. மேலும் அது பழுதுபார்ப்பைப் பற்றியது. புதிய பாகம் சேர்ப்பதற்கு அப்படியே பொருந்தும் என்று நம்பிவிட முடியாது. எனவே வாரண்டி கையேட்டின் நிபந்தனையைப் படித்துவிட்டு, சர்வீஸ் சென்டரின் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

இயந்திரக் கோளாறு சாதாரண வாகனக் காப்பீட்டில் அடங்காது. சூட்டில் கியர் பாக்ஸ் போனால் பெரும்பாலும் பணம் கிடைக்காது. தீப்பிடித்தால், தெரிவிக்காமல் பொருத்திய கூலரைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பலாம். பொருத்தியதும் எழுத்தில் தெரிவிப்பதே பாதுகாப்பு. கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் தீர்வில்லை என்றால் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது.

தவறு நடந்தால்

பொருத்திய கடையின் கோளாறால் சேதம் வந்தால் அது சேவைக் குறைபாடு. ஜி.எஸ்.டி. பில், ஜாப் கார்டு, கழற்றிய பழைய பாகங்கள் மூன்றும் கையில் இருக்க வேண்டும். வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்துப்பூர்வமான அறிக்கை வாங்கும்வரை வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

கடைக்குப் போகும் முன் சர்வீஸ் சென்டருக்கு இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: என் வண்டியின் கியர் ஆயில் எத்தனை டிகிரி வரை தாங்கும்? நான் குறித்துவைத்துள்ள இந்த அளவுகள் இயல்பானவையா? வரும் பதிலைப் பார்த்து, கூலருக்குப் பணம் செலவழிப்பதா, வாரண்டியில் சரிசெய்யச் சொல்வதா என்று முடிவெடுங்கள்.